என் மனைவியின் மருந்து

நான் சொன்ன பொய்களில் பெரும்பாலானவை பிடிபடவில்லை. பிடிபட்ட ஒன்றை, ஒரு பஸ் சனத்துக்கு முன்னால் நானே பிடித்துக் கொடுத்தேன்.

அது சண்டைக் காலம். ஓலைத்தொடுவாயில் சங்கக் கடை மனேச்சராக இருந்தேன். (அரிசி நிறுப்பவரும் நான், கடை கூட்டுபவரும் நான்.) கலியாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை. குறை என் மனைவி பிலோமினாவில்தான் என்று ஊர் தீர்ப்பெழுதிவிட்டது. நேர்த்தி வைத்தவள், கசாயம் குடித்தவள், ஊசி போட்டுக்கொண்டவள் எல்லாம் அவள்தான். ஞானஸ்நான வீடுகளில் பிள்ளையை அவள் கையில் கொடுக்க மாட்டார்கள். நான் பக்கத்தில் நின்று பலகாரம் சாப்பிடுவேன்.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த பெண் டொக்டர் அவளுடைய பரிசோதனைத் துண்டுகளையெல்லாம் புரட்டினார்.

"உங்களைப் பரிசோதிச்ச துண்டு எங்கே?"

"எனக்கொரு வருத்தமும் இல்லை, டொக்டர். நல்லாச் சாப்பிடுறனான்."

"சாப்பாட்டில தெரியாது. குறை ஆணிலயும் இருக்கலாம், பெண்ணிலயும் இருக்கலாம், ரெண்டு பேரிலயும் இருக்கலாம். ஆம்பிளையைப் பாக்கிறதுதான் லேசு."

சின்னப் போத்தல் ஒன்றைத் தந்தார். வீட்டில் விந்தை எடுத்து, சூடு ஆறாமல் ஒரு மணித்தியாலத்துக்குள் கொண்டுவர வேண்டும்.

போத்தலைச் சட்டைக்குள் கமக்கட்டில் இடுக்கிக்கொண்டு, அடைக்கோழி மாதிரி பஸ்ஸில் பிலோமினாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினார்கள். ஆண்கள் ஒரு வரிசை, பெண்கள் ஒரு வரிசை. ஆமிக்காரர் கைகளைத் தூக்கச் சொன்னார். நான் ஒரு கையை மட்டும் தூக்கினேன். (இதைவிடச் சந்தேகமாக நிற்க ஒருவராலும் முடியாது.)

"என்ன அது?"

பின்னால் ஊர்ச்சனம் நின்றது.

"மருந்து, சேர். மனுசியின்ர."

போத்தலில் எது கொண்டுபோனாலும் உரியவர் ஒரு மிடறு குடித்துக் காட்டவேண்டும் என்பது அந்தச் சாவடியின் வழக்கம். அது எனக்குத் தெரியாததல்ல. கடைக்கு வந்த தேங்காயெண்ணெயையே அங்கே நின்று குடித்தவன் நான். பயத்தில் மறந்துபோனேன்.

ஆமிக்காரர் மனுசி எங்கே என்று கேட்டு, பெண்கள் வரிசையில் நின்ற பிலோமினாவைக் கூப்பிட்டுப் போத்தலை நீட்டினார். "நோனா, நீங்க குடிங்க."

அவள் போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூடியைத் திருகினாள். ஏழு வருடமாக யார் எதைக் கொடுத்தாலும் குடித்துப் பழகியவள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அவவின்ர இல்லை, சேர். என்ர."

"உங்கட மருந்தா?"

"மருந்தில்லை."

அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். மூன்று தரம் உரத்துச் சொன்னேன். கடைசியில் வரிசையில் நின்ற பென்சன் தபாலதிபர் ஒருவர் சிங்களத்தில் விளக்கமாக, தேவைக்கு மேலேயே விளக்கமாக, எடுத்துச் சொன்னார். ஆமிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் எங்களைப் போகச் சொன்னார்.

பஸ் வெளிக்கிட்டதும் சனம் சிரித்தது. பிலோமினா யன்னல் பக்கம் திரும்பி அழுதாள்.

"மருந்து மனுசியின்ர எண்டு இந்தப் பொய்யை ஏழு வருசமாச் சொல்லிக்கொண்டு வாறியள்," என்றாள்.

நேரம் பிந்தியதால் அந்தப் போத்தல் உதவவில்லை. இன்னொரு நாள் கொடுத்ததில் முடிவு வந்தது. என் விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை. அது ஊருக்கும் எட்டியது. அடுத்த ஞானஸ்நான வீட்டில் பிள்ளையைப் பிலோமினாவின் கையில் கொடுத்தார்கள். அவள் வெகுநேரம் திருப்பிக் கொடுக்கவில்லை. என் கையில் ஒருவரும் கொடுக்கவில்லை.

இப்போது எனக்குப் பிரசர் குளிசை. தண்ணீரோடு அதை நீட்டும்போதெல்லாம், "இது ஆரின்ர மருந்து?" என்று கேட்பாள்.

"என்ர," என்பேன்.

இருவரும் சிரிப்போம். கதையைக் கேட்கப் பிள்ளைகள் இல்லாததால், எங்களுக்கு நாங்களே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறோம்.