கை மாறிய பூட்டு

சாவி பாதி சுற்றுத் திரும்பி நின்றுவிட்டது. பூட்டு திறக்கவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம், மேசைமேல், குமாஸ்தாவின் மகளுடைய சான்றிதழ்கள் இருந்தன. பத்து மணிக்கு அவளுக்கு நேர்முகத் தேர்வு; மூன்று வருடம் காத்திருந்து வந்த அழைப்பு. தெருமுனைவரை போன பிறகுதான் கோப்பு ஞாபகத்துக்கு வந்து, அப்பா, அம்மா, மகள் மூவரும் திரும்பியிருந்தார்கள். மணி ஒன்பது.

"புதுப் பூட்டு ஒண்ணு வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்," என்றாள் மனைவி.

"புதுசு என்ன புதுசு? வாங்கின மறுநாளே அதுவும் பழசுதான்."

எதையும் பழசாகவே வாங்குவது குமாஸ்தாவின் கொள்கை. அந்த வீட்டுக்குப் புதிதாக வந்து சேர்ந்தது மகள் ஒருத்திதான்.

எதிர்வீட்டு அம்மாளிடம் எண்ணெய் இரவல் வாங்கிப் பூட்டுக்குள் விட்டார். பூட்டு எண்ணெயைக் குடித்ததே தவிர வாயைத் திறக்கவில்லை. சைக்கிள் பையிலிருந்து பழைய குறடை எடுத்துச் சாவியைத் திருகினார். சாவி மண்புழுவாக நெளிந்து வெளியே வந்தது. சுத்தியலை ஓங்கினார். அதன் தலை கழன்று, எண்ணெய் கொடுத்த வீட்டு ஜன்னலை உடைத்துக்கொண்டு உள்ளே போயிற்று. அந்த அம்மாள் வெளியே வந்து, எண்ணெய்க் கிண்ணத்தை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு போனாள்.

பின்பக்க ஜன்னலுக்குப் போனார். அதைப் பழைய கட்டில் சட்டத்தால் அடைத்தவர் அவரேதான். சட்டம் அசையவில்லை; அதில் மாட்டிக் கால்சட்டை முழங்காலிலிருந்து கீழ்வரை கிழிந்தது.

"அப்பா, ஒன்பதரை," என்றாள் மகள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

அவர் கதவையே உடைக்கத் தோளைத் தயார்செய்தபோது, பூட்டை விற்ற பழைய இரும்புக் கடைக்காரரை மனைவி கையோடு கூட்டிவந்தாள். வந்தவர் குனிந்து பூட்டைப் பார்த்தார். இடுப்பு வளையத்திலிருந்து ஒரு சாவியை எடுத்துப் போட்டார். பூட்டு திறந்துகொண்டது. மகள் கோப்போடு ஓடியே போனாள்.

குமாஸ்தாவுக்கு மூச்சு வந்தது. பின்னாலேயே சந்தேகமும் வந்தது.

"ஏன்யா, இன்னொரு சாவியை நீயே வெச்சுக்கிட்டியா? நாங்க இல்லாதப்ப வந்து திறந்தா என் கதி என்ன?"

கடைக்காரர் பெருமூச்சு விட்டார்.

"மூணு தடவை திறந்து பாத்துட்டேன் சார். எல்லாம் என் கடையில விக்காம கிடந்த சாமான்தான். மறுபடியும் அதையெல்லாம் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"