வால் சுகிர்தன்

மீன்கொத்தி கமராவுக்குள் தெளிவாக விழுந்த உடனேயே சுகிர்தன் பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அழுத்தவில்லை. அது உட்கார்ந்திருந்த சிவப்புப் பலகையில் ஏதோ எழுதியிருக்கிறதே என்று லென்சை இன்னும் கொஞ்சம் இழுத்தான். முதலில் ஒரு மண்டையோடு தெரிந்தது. அதன் கீழே, 'அபாயம்! மிதிவெடி!'

திடுக்கிட்டதில் விரல் தானாகப் பொத்தானை அழுத்திவிட்டது. அதற்குள் பறவை எழும்பிவிட்டது. படத்தில் அதன் வால் மட்டும் இருந்தது.

வால் அவனுக்குப் புதிதல்ல. கிளிநொச்சியில் ஒரு கந்தோரில் இலிகிதராக இருக்கும் அவனுக்கு ஓரிடத்தில் இரண்டு நிமிடம் நிற்க வராது. பறவைக்கு முன்னால் ஓடி, பின்னால் ஓடி, அது வெறுத்துப்போய்ப் பறக்கும்போதுதான் அழுத்துவான். மூன்று வருடத்தில் எடுத்த நானூறு படங்களிலும் வால்தான். 'வால் சுகிர்தன்' என்ற பெயர் கந்தோர் பியோன் வரைக்கும் பரவிவிட்டது. இன்று மாலை ஆறு மணிக்கு ஒரு படப்போட்டி முடிகிறது. முகம் உள்ள ஒரே ஒரு படத்தை அனுப்பிவிட்டால் அந்தப் பெயரைக் கழுவிவிடலாம். அதற்காகத்தான் லீவு போட்டுவிட்டு, உருத்திரபுரத்துக்கு அப்பால், மழைத் தண்ணீர் தேங்கிக் கிடந்த இந்தத் தரவை வெளிக்குள் குளக்கட்டுப் பக்கமாக இறங்கியிருந்தான். பலகையோ றோட்டுப் பக்கமாக நின்றதால், இறங்கும்போது அவன் கண்ணில் படவில்லை.

வந்த தடத்திலேயே திரும்பிவிடலாம் என்று குனிந்து பார்த்தான். தடங்களைத் தண்ணீர் மூடிவிட்டிருந்தது. மனைவிக்கு அழைத்தான்.

"ஜெயரூபி, நான் மிதிவெடிக்குள்ள நிக்கிறன்."

"என்னது?"

"இன்னும் ஒண்டும் மிதிக்கேல்லை. சும்மா நிக்கிறன்."

"ஐயோ, அசையாதேங்கோ! உங்களால ஏலாது எண்டு எனக்குத் தெரியும். எண்டாலும் அசையாதேங்கோ! நான் பொலிசுக்குச் சொல்லுறன்."

பொலிசுக்கு மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. பத்து நிமிடத்தில் சொந்தக்காரர் எல்லாரும் வரிசையாக அழைக்கத் தொடங்கினார்கள்.

"மச்சான், படுத்து உருண்டு உருண்டு வா," என்றான் ஜெயரூபியின் தம்பி விஜிதரன்.

"உருளாதை அப்பன், ஒற்றைக் காலில நில்லு," என்றார் பெரியம்மா.

கடைசியாக ஜெயரூபியே மறுபடி அழைத்தாள். "பொலிஸ் வெளிக்கிட்டாச்சு. எந்தத் தரவை எண்டு கேக்கினம்?"

பதில் சொல்ல வாய் திறந்தபோது ஃபோனில் சார்ஜ் முடிந்தது.

பிறகு எருமைகள் வந்தன. ஏழு எருமைகள். சுகிர்தன் "சூய்! சூய்!" என்று கத்தினான். தூரத்தில் மேய்ந்தவையும் இதென்ன புதினம் என்று கிட்ட வந்தன. ஒவ்வொரு குளம்பும் நிலத்தில் ஊன்றியபோது அவன் கண்ணை இறுக்கி மூடினான். ஒன்றும் வெடிக்கவில்லை. ஒரு எருமை அவன் தொப்பியைச் சப்பிப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் சேற்றில் போட்டது. வாசிக்கத் தெரியாத பிராணிகளுக்கு வாய்த்த அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொண்டான்.

அதன்பின் ஒருவரும் வரவில்லை. ஒரு மணித்தியாலம் போனது. இன்னொன்றும் போனது. பிறந்ததிலிருந்து சுகிர்தன் இப்படி நின்றதில்லை. தும்பி ஒன்று அவன் மூக்கில் உட்கார்ந்து இளைப்பாறியது. கொக்கு ஒன்று அவன் முழங்காலுக்குப் பக்கத்தில் மீன் பிடித்தது.

அப்போதுதான் அல்லி இலைகளுக்கு மேலால் நீண்ட வாலுடன் ஒரு இலைக்கோழி நடந்து வந்தது. பின்னால் நாலு குஞ்சுகள். அவன் காலடிக்கு வந்து நின்று, தலையைச் சரித்து, அவனை நேராகப் பார்த்தது. சுகிர்தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல அழுத்தினான். கண், சொண்டு, சொண்டில் ஒரு துளி தண்ணீர். நாலு குஞ்சுகளுக்கும் நாலு முகம். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் வெடித்தாலும் பரவாயில்லை, கமரா தப்பிவிட வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டான்.

நாலரை மணியளவில் றோட்டுப் பக்கத்தால், கையில் தடியோடு ஒரு பெண் தரவைக்குள் இறங்கினாள். எருமைகளுக்குச் சொந்தக்காரி மீனம்மா.

"அக்கா, வராதேங்கோ! மிதிவெடி!"

அவள் அவசரப்படாமல் நேரே வந்தாள். வரும் வழியில் பலகையைப் பிடுங்கிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.

"அதெல்லாம் எடுத்து முடிச்சு நாலு வருசம், தம்பி. நீங்கள் குளக்கட்டுப் பக்கத்தால வந்தனீங்களோ?"

"ஓம். அப்ப... அந்தப் பலகை?"

"இது வெடி எடுக்க வந்தவங்கள் விட்டிட்டுப் போனது. பின்னேரத்தில வீட்டை கொண்டு போயிடுவன், இல்லாட்டி விறகுக்குத் தூக்கிடுவாங்கள்."

"எடுத்து முடிஞ்சுதெண்டால், பிறகேன் ஒவ்வொரு நாளும் நடுறீங்கள்?"

மீனம்மா அவன் கழுத்தில் தொங்கிய கமராவைப் பார்த்தாள்.

"உங்களைப் போல ஆக்களுக்குத்தான், தம்பி. பறவையளைப் படம் பிடிக்க வந்து, ஓடி ஓடிக் குஞ்சுகளைக் கலைக்கிறாங்கள். ஒரு இடத்தில அசையாமல் நில்லுங்கோ எண்டால் கேக்கிறாங்களில்லை. இதைக் கண்டால்தான் நிக்கிறாங்கள்."