பதினேழாவது கிலோமீட்டர்

கடிக்காது, குரைக்காது, கைமாற்றுக் கேட்காது; ஆனாலும் எதிரே வந்தால் நீங்கள் தெரு மாறிப் போவீர்கள். அப்படி ஒரு ஜீவராசி இப்போது ஊருக்கு ஊர் பெருகி வருகிறது. முதல் அரை மாரத்தானை ஓடி முடித்தவர் என்று அதற்குப் பெயர். ஓடுவதற்கு முன்னால் அவரும் நல்ல மனிதர்தான். ஓடியதுகூடத் தப்பில்லை. முடித்ததும் நின்றிருக்க வேண்டும். கால் நின்றது, வாய் அங்கிருந்து கிளம்பிவிட்டது.

திருவனந்தபுரத்தில், கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் கிடைக்கும் மாதிரியைப் பார்ப்போம். பெயர் ஹரிநாராயணன். கழக்கூட்டத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் மேனேஜர். டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓடினார். அன்று கொடுத்த ஆரஞ்சு டீ-ஷர்ட்டை ரேஷன் கடைக்கும், வங்கிக்கும், பல் வைத்தியரிடமும், பக்கத்து வீட்டு நிச்சயதார்த்தத்துக்கும், அந்த நிச்சயதார்த்தம் நின்றுபோனதும் ஆறுதல் சொல்லவும் போட்டுக்கொண்டு போனார். அது இல்லாமல் அவரைப் பார்க்க வேண்டுமென்றால் பத்மநாபசுவாமி கோயிலுக்குள்தான் பார்க்க வேண்டும். அங்கே ஆண்களுக்குச் சட்டை கூடாது. மெடல் கூடாது என்று யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நீங்களும் இதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

'அரை' என்ற சொல் அவர் வாயில் வராது. கிலோமீட்டர் கணக்கில் 'இருபத்தொண்ணு புள்ளி ஒண்ணு' என்பார். அந்தப் புள்ளி ஒன்றில்தான் வாழ்க்கையே அடங்கியிருக்கிறதாம். கிலோமீட்டருக்கு ஒரு பாடம். பால் திரிந்தால் ஒன்பதாவது கிலோமீட்டர். பஸ் தப்பினால் பதினொன்றாவது. நிச்சயதார்த்தம் நின்றால் மூன்றாவது: 'ஆரம்பத்துலேயே வேகமா போனா இப்படித்தான் ஆகும்.'

மாசி மாதத்தில் கல்யாணராமன் இறந்துபோனார். ஹரிநாராயணனுக்கு மூன்று வீடு தள்ளி. எழுபத்து மூன்று வயது, மார்வலி, ஒரே ராத்திரி. மகள் சுப்ரியாவுக்கும் கழக்கூட்டத்தில்தான் வேலை. வேறு கம்பெனி, மென்பொருளைச் சோதித்துப் பிழை கண்டுபிடிக்கும் வேலை. பேச்சு குறைவு. அழவும் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்: நல்ல மனுஷர், கொடுத்துவைத்தவர், கஷ்டப்படாமல் போனார். அச்சடித்த வார்த்தை. எந்தக் கல்யாணராமனுக்கும் பொருந்தும். அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரியாத ஏதாவது ஒரு விஷயம். கிடைத்தால் இன்னும் ஒருநாள் அவரோடு இருந்த மாதிரி. ஒருவரிடமும் அது இல்லை.

ஹரிநாராயணன் வந்தார். மூன்றாம் தடவை. ஆரஞ்சு.

"கேட்டியா சுப்ரியா, துக்கம்னா என்னாக்கும்? அதுவும் ஒரு இருபத்தொண்ணு புள்ளி ஒண்ணுதான். நீ இப்போ நாலாவது கிலோமீட்டர்லே இருக்கே. மூச்சு முட்டும். பயப்படாதே."

"தண்ணி எங்கே குடுப்பா?"

"அஞ்சுலே" என்றார். கேலி இந்த இனத்தின் தோலைத் துளைப்பதில்லை.

காபி கொண்டுவந்த சுப்ரியாவின் அம்மா நாகலக்ஷ்மி மாமி, ஓடும்போது தோல் உராயாமல் இருக்க வாஸலின் தடவ வேண்டிய இடங்களின் பட்டியல் ஆரம்பமானதும் அடுக்களைக்குத் திரும்பிவிட்டார். கணவருக்காகத் துக்கம் விசாரிக்க வந்த மனிதர் தன் தொடையைப் பற்றிப் பேசினால் வேறு என்ன செய்வது? ஹரிநாராயணன் மேலே ஓடினார். பதினாலில் கால் நகம். பதினைந்தில் அகங்காரம்.

"பதினாறுலே உடம்பு பேசும். பதினெட்டுலே மனசு பேசும்."

"பதினேழு?"

"என்னது?"

"மூணு தடவையும் பதினாறுலேந்து பதினெட்டுக்குத் தாவறேள், அண்ணா. பதினேழுலே என்ன ஆச்சு?"

இருப்பது எல்லார் கண்ணிலும் படும். விட்டுப்போனது அவள் கண்ணில்தான் படும். அதற்குத்தான் சம்பளம்.

ஹரிநாராயணன் அந்த இனத்துக்கே வழக்கமில்லாத காரியம் ஒன்றைச் செய்தார். வாயை மூடிக்கொண்டார். காபியைப் பார்த்தார். அடுக்களைப் பக்கம் பார்த்தார்.

"சொல்லப்படாதுன்னு சத்தியம் வாங்கிண்டிருக்கார்."

"யாரு?"

"உங்கப்பா."

பதினேழாவது கிலோமீட்டரில், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஹரிநாராயணனுக்கு ஆடுசதை சுருட்டிக்கொண்டது. நடைபாதையில் உட்கார்ந்தார். உட்கார்ந்து, நாற்பத்தாறு வயதில், நாலு பேர் பார்க்க அழுதார். தரிசனம் முடிந்து வந்த கல்யாணராமன் எதிரே நின்றார். ஒரு கையில் பொட்டலம். அந்தக் கை முதுகுக்குப் பின்னால்.

"ஏண்டா ஹரி, பஸ்ஸு தப்பிடுத்தோ?"

பக்கத்தில் உட்கார்ந்தார். தைரியம் சொல்லவில்லை. பொட்டலத்தைப் பிரித்தார். கல்லிலிருந்து அப்போதுதான் எடுத்த போளி, நெய் சொட்டச் சொட்ட. வீட்டில் பல வருஷமாகச் சர்க்கரை இல்லாத காபி குடித்துக்கொண்டிருந்த மனிதர், இரண்டாகக் கிழித்து ஒன்றை நீட்டினார்.

"பாதி ஓடறவனுக்குப் பாதி போதும். ஆத்துலே மூச்சு விடப்படாது. நீ அழுததை நானும் சொல்லமாட்டேன்."

"அது உள்ளே போனப்பறந்தான் எழுந்தேன்" என்றார் ஹரிநாராயணன். "இதுலே பாடம் ஒண்ணும் இல்லே."

சுப்ரியா சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாக மாறி, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. ஹரிநாராயணன் எந்தக் கிலோமீட்டரையும் சொல்லவில்லை. மெடல் கொடுப்பதாக இருந்தால் அதற்குக் கொடுக்க வேண்டும்.

அடுக்களையிலிருந்து மாமி குரல் மட்டும் வந்தது.

"ஞாயித்துக்கிழமை வேஷ்டியிலே மட்டும் நெய்க்கறை எங்கேந்து வரும்? ஒரு நாளும் கேட்டதில்லே. கேட்டா நிறுத்தியிருப்பார்."

இந்த இனத்துக்கு மருந்து கிடையாது. மறுநாளே அவர் தெருமுனையில் யாருக்கோ பதினெட்டாவதை விளக்கிக்கொண்டிருந்தார். அதைவிட மோசமான செய்தி, இது தொற்றுகிறது. சுப்ரியா வேலைக்குத் திரும்பிய வாரம், பதவி உயர்வு கிடைக்காமல் சோர்ந்து நின்ற, கூட வேலை பார்க்கும் ஆதர்ஷிடம், "அப்பா போனப்போ நான் ஒரு விஷயம் கத்துண்டேன், ஆதர்ஷ்" என்று மலையாளத்தில் ஆரம்பித்தாள். அவன் பணிவாகத் தலையாட்டினான். கண் லிஃப்டைத் தேடியது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடுவதில்லை என்கிறீர்கள். சரி. வீடு கட்டியதுண்டா? பித்தப்பையில் கல் எடுத்ததுண்டா? யாரையாவது பறிகொடுத்ததுண்டா? அதிலிருந்து கற்றதைப் பிறருக்குச் சொன்னதுண்டா? அடுத்த தடவை சொல்லும்போது, எதிரில் இருப்பவர் கண் எந்தப் பக்கம் போகிறது என்று கொஞ்சம் பாருங்கள்.

வாசல் பக்கம் போகிறதா? அப்படியானால் சொல்லுங்கள், உங்களுக்கு ஆரஞ்சு டீ-ஷர்ட் என்ன சைஸ்?