முப்பத்தாறு மார்க்கும் மொட்டைப்பாறையும்

ஒரு காட்டில் ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. பள்ளிக்குப் பின்னால் ஒரு குளம் இருந்தது. குளத்துக்குள் பி.டி. வாத்தியார் இருந்தார்.

அவர் பெயர் கருமலையான். பிறப்பால் எருமை. காலையில் பிரேயர் முடிந்ததும் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு குளத்தில் இறங்குவார், கடைசி மணி அடித்ததும் ஏறுவார். வாரத்துக்கு இருபது பி.டி. பீரியட் என்று கால அட்டவணையில் போட்டிருந்தது உண்மைதான். கால அட்டவணையில் நூலக வகுப்பு என்றுகூடத்தான் போட்டிருந்தது, யார் கண்டார்கள்.

அந்த வருஷம் கணக்குக்குப் புதிதாக ஓர் ஆமை டீச்சர் வந்து சேர்ந்தார். கமலவேணி என்று பெயர். தினமும் குளத்தங்கரைக்கு வந்து கழுத்தை நீட்டுவார்.

"சார், போர்ஷன் முடியல. இன்னிக்கு ஒம்பதாங்கிளாஸ் பி.டி. பீரியட நான் எடுத்துக்கவா?"

"தாராளமா எடுத்துக்கங்க டீச்சர். கணக்குதான் முக்கியம்" என்பார் கருமலையான் சார், மூக்கு மட்டும் வெளியே தெரிய.

இப்படி ஒரு நாளா, இரண்டு நாளா, வருஷம் பூராவும் நடந்தது. கேட்டவருக்கு மறுக்காமல் கொடுக்கிறோமே, நம்மைப் போல ஒரு தாராள மனசு இந்தப் பள்ளியில் உண்டா என்று அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தலைமையாசிரியர் வெள்ளைச்சாமி ஒரு கொக்கு. பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்பதில் ஒற்றைக் காலில் நிற்பவர். நூற்றுக்கு நூறு வாங்குவதற்கு அவர் ஒரு சுலபமான வழி வைத்திருந்தார். பத்தாம் வகுப்பில் ஃபெயிலாகக்கூடிய பிள்ளையை ஒன்பதாம் வகுப்பிலேயே ஃபெயிலாக்கி நிறுத்திவிடுவார். கேட்டால், அடித்தளத்தைப் பலப்படுத்துகிறோம் என்பார். பத்தாம் வகுப்புக்குப் போய்விட்ட பிள்ளைகளோ பந்தைத் தொடக் கூடாது. தொட்டால் அப்பா அம்மாவைக் கூட்டி வர வேண்டும்.

இதில் லாபம் அடைந்தது கால்பந்து அணிதான். ஒன்பதாம் வகுப்பிலேயே தங்கிப்போன பிள்ளைகள் வருஷா வருஷம் உயரமும் பலமுமாக வளர்ந்தார்கள், சாயங்காலமானால் தாங்களாகவே ஆடிப் பழகினார்கள். வயது வரம்பு இருக்குமே என்பீர்கள். காட்டில் பிறந்த தேதியை யார் எழுதி வைத்தார்கள்? ஆபீஸ் கிளார்க் காகம் எழுதுவதுதான் வயது.

மாசி மாதம் காட்டுக் கல்வி அலுவலர் ஆய்வுக்கு வந்தார். அவர் ஒரு யானை அம்மா. பள்ளியில் இருந்த ஒரே நல்ல நாற்காலி அன்றோடு போயிற்று. நின்றுகொண்டே பதிவேட்டைப் பார்த்தவர், கருமலையான் சாரைக் குளத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்.

"பிள்ளைங்க எண்ணிக்கைக்கு இங்க பி.டி. வாத்தியார் தேவையில்ல சார். நீங்க உபரி. வர்ற சீசன்ல வட்டாரப் போட்டியில முதல் சுத்தாவது தாண்டிக் காட்டுங்க. இல்லாட்டி மொட்டைப்பாறைக்கு மாத்திடுவேன்."

மொட்டைப்பாறை என்பது பேருக்கேற்ற ஊர். குளம் இல்லை, குட்டை இல்லை, சேறு என்று சொல்லிக்கொள்ள ஒரு கை மண் இல்லை. வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் லாரி வரும். எருமை மேல் மழை பெய்தால் அது அசையாது என்பார்கள். சரி, மழையே பெய்யாத ஊருக்குப் போ என்றால் அது என்ன செய்யும்? அன்று கருமலையான் சார் அசைந்தார். சேறு இல்லாமல் எப்படிச் சாவது என்று நினைத்தார், எப்படி வாழ்வது என்பது வரைக்கும் அவர் மனசு போகவில்லை.

அன்று முழுக்கக் குளத்தில் கிடந்து யோசித்ததில் கொஞ்சம் தெம்பு வந்தது. அணியில் ஐந்து பேர் அசகாய சூரர்கள். கோலில் நின்றால் நாலு கை உள்ளதுபோல் ஆடும் ஒரு குரங்கு. பின்னால் நின்றால் காற்றுகூடத் தாண்ட முடியாத இரண்டு காட்டுப்பன்றிகள். ஒரு மான். எல்லாருக்கும் மேலாகக் குணசீலன் என்கிற முயல், ஆட்டத்துக்கு மூன்று கோல் போடாமல் வீட்டுக்குப் போகாதவன், ஒன்பதாம் வகுப்பில் இரண்டாவது வருஷம். ஐந்து பேருக்குமே கணக்கு என்றால் காய்ச்சல்தான்.

"என்னய்யா, வர்ற சீசனுக்கு டீம் எப்படி?" என்று கொக்கு கேட்டார்.

"கவலையே படாதீங்க சார். அஞ்சு பேரும் கண்டிப்பா ஃபெயிலு" என்றார் கருமலையான் சார், அத்தனை நம்பிக்கையோடு.

சித்திரையில் ரிசல்ட் ஒட்டினார்கள். கருமலையான் சார் முதலில் கீழேயிருந்து படித்தார், அணியைத் தேட அதுதான் வழக்கமான இடம். அங்கே யாரும் இல்லை. மேலேயிருந்து படித்தார். குணசீலன், கணக்கு, முப்பத்தாறு, தேர்ச்சி. குரங்கு தேர்ச்சி. பன்றிகள் தேர்ச்சி. மான் நாற்பத்திரண்டு. அத்தனை பேரும் பத்தாம் வகுப்பு.

பலகை முன்னால் நின்றிருந்தவரிடம் குணசீலனின் அம்மா வந்தாள். கையில் கற்கண்டுத் தட்டு, கண்ணில் தண்ணீர்.

"ரெண்டு வருசமா ஒம்பதாங்கிளாஸ்லயே கெடந்தான் சார், சொந்தக்காரங்க மூஞ்சில முழிக்க முடியல. கணக்கு டீச்சர்கிட்ட நன்றி சொன்னா, எனக்குச் சொல்லாதீங்க, பி.டி. சார் விட்டுக்குடுத்த பீரியடுலதான் பாடம் நடத்தினேன், அவருக்குப் போய்ச் சொல்லுங்கன்னுட்டாங்க. நீங்கதான் சார் எங்களுக்குத் தெய்வம்."

தெய்வம் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டது. யானைதான் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்று பழி சொல்கிறார்கள். எருமை வருஷம் முழுக்க, வாரத்துக்கு ஆறு பீரியட் வீதம் போட்டுக்கொண்டது. கற்கண்டு கசக்குமா என்றால், அன்று கசந்தது. ஆனாலும் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்து அவர் சிரித்துத்தான் வைத்தார்.

பிறகு கமலவேணி டீச்சரைத் தேடிப் போனார்.

"டீச்சர், அந்தக் குணசீலன் பேப்பர மட்டும் இன்னொரு தடவ பாக்க முடியுமா? ரெண்டே ரெண்டு மார்க் கொறஞ்சா..."

டீச்சர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஓட்டோடு பேசி ஜெயித்தவர் இதுவரை இல்லை.

கொக்கிடம் போய்ப் பத்தாம் வகுப்பிலிருந்து ஐந்து பேரை மட்டும் சாயங்காலம் ஒரு மணி நேரம் கேட்டார். "பப்ளிக் எக்ஸாம்" என்றார் கொக்கு. அதற்கு மேல் அந்தக் காட்டில் எந்தச் சட்டமும் கிடையாது.

ஆனியில் பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பிலிருந்து ஏறி வந்த புது ஒன்பதாம் வகுப்பைக் கருமலையான் சார் மைதானத்தில் நிறுத்திப் பார்த்தார். மயில் தோகையில் சேறு படும் என்று ஓட மறுத்தது. நத்தை கார்னர் எடுக்கப் புறப்பட்டது, அது போய்ச் சேர்வதற்குள் மணி அடித்தது. நல்லதாக இருந்தது ஒரு பச்சோந்திதான், ஆனால் அதற்கு ஒரு குறை. பந்து எந்த அணியிடம் இருக்கிறதோ அந்த அணியின் சட்டை நிறத்துக்கு மாறிவிடும். தன் அணிக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டுவிட்டுக் கைதட்டலுக்குக் காத்து நின்றது.

கருமலையான் சார் குளத்துக்குத் திரும்பினார். எத்தனை நாளைக்கு இந்தக் குளம் என்று நினைத்தபோது அவருக்கு நிஜமாகவே அழுகை வந்தது. தண்ணீருக்குள் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒரு வசதி.

கொக்கு இந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு ஒரே பார்வையில் கைகழுவிவிட்டார். "இதுகள எப்படியும் வருசக் கடைசியில நிறுத்தத்தான் போறோம். விளையாடட்டும்" என்றார்.

ஆவணியில் வட்டாரப் போட்டி. முதல் ஆட்டம் ஆற்றங்கரைப் பள்ளியோடு. நம் பதினொரு பேரும் போய் நின்றார்கள். எதிரே யாரும் இல்லை. ரெஃப்ரி மரங்கொத்தி கால் மணி நேரம் காத்திருந்தது. கடைசியில் ஒரு கடிதம் வந்தது. "எங்கள் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குச் சிறப்பு வகுப்பு. ஒன்பதாம் வகுப்புக்கு அந்தச் சிறப்பு வகுப்பில் சேர்வதற்கான முன் சிறப்பு வகுப்பு. எனவே அணி வர இயலாது."

நடந்தது இதுதான். தலைமையாசிரியர்கள் கூட்டத்தில் யானை அம்மா நம் கொக்கின் நூற்றுக்கு நூறைப் பாராட்டிப் பேசிவிட்டார். சும்மா இருப்பார்களா மற்றவர்கள்? ஒவ்வொரு பள்ளியும் கொக்கைவிட ஒரு வகுப்பு முந்திக்கொண்டது. ஒரு பள்ளியில் எல்.கே.ஜி.க்கே மாதிரித் தேர்வு என்று கேள்வி.

மரங்கொத்தி விசில் ஊதி, எதிரணி வரவில்லை என்று மூன்று பிரதிகளில் படிவம் எழுதிக் கையெழுத்து வாங்கியது. வாக்ஓவர், அதாவது ஆடாமலே வெற்றி. இரண்டாவது சுற்றிலும் அப்படியே. அரையிறுதியிலும் அப்படியே. இறுதிப் போட்டிக்குக் கரடிமேட்டுப் பள்ளி மெய்யாகவே வந்தது, ஆனால் ஆறு பேராக. ஏழு பேர் இல்லாமல் ஆட்டம் தொடங்கக் கூடாது என்பது விதி. மிச்சப் பேர் திருப்புதல் தேர்வு எழுதிக்கொண்டிருந்தார்கள். மயிலின் தோகையில் ஒரு பொட்டுச் சேறு படாமல் கோப்பை கைக்கு வந்தது. எதிரணியின் காலுக்குப் பந்தே போகாததால் பச்சோந்தியும் போட்டி முடியும்வரை சொந்தப் பள்ளியின் நிறத்திலேயே இருந்தது.

தப்பித்தோம் என்று கருமலையான் சார் விட்ட பெருமூச்சில் குளத்தில் அலை அடித்தது.

மறுநாள் பள்ளியில் பாராட்டு விழா. குளத்தில் இறங்கக்கூட விடாமல் அவரை மேடையேற்றினார்கள். யானை அம்மா தன் தும்பிக்கையாலேயே சாமந்தி மாலை போட்டார்.

"ஒரு கோல்கூட வாங்காம கோப்பை ஜெயிச்ச பயிற்சியாளர் இந்த வட்டாரத்துல இதுவரைக்கும் கிடையாது. இவரைப் போய் இந்தச் சின்னப் பள்ளியில வீணடிக்கலாமா? சிறப்புக் கால்பந்து மையத்துக்குத் தலைமைப் பயிற்சியாளரா இவருக்குப் பதவி உயர்வு தர்றோம். இன்னிக்கே பொறுப்பேத்துக்கணும்."

கருமலையான் சாருக்கு உடம்பு புல்லரித்தது. "மையம் எங்கங்கம்மா இருக்கு?"

"மொட்டைப்பாறையில. நிலம் சும்மா கெடந்தது."

"அங்க தண்ணி..."

"வாரத்துக்கு ஒரு லாரி வருது சார். குடிக்கத் தாராளமாப் போதும்."

இரண்டு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். கடைசியாக ஒரு முழுக்குப் போட நேரமில்லை. பஸ் பள்ளியைத் தாண்டும்போது பத்தாம் வகுப்பு ஜன்னலில் குணசீலன் தெரிந்தான். காலியாகக் கிடந்த மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன், ஆமை டீச்சர் திரும்பியதும் நோட்டுக்குள் குனிந்துகொண்டான். கருமலையான் சார் கையசைக்க நினைத்து விட்டுவிட்டார். மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும் பசி எடுத்தது. கழுத்திலிருந்த மாலையைக் கழற்றி, நார் உட்பட மெதுவாகத் தின்று முடித்தார்.

நீதி: தோற்றவனுக்கும் ஜெயித்தவனுக்கும் ஒரே ஊர், ஒரே பஸ்தான். ஜெயித்தவனுக்கு வழியில் தின்ன ஒரு மாலை கிடைக்கும்.