தொட்டிக்குள் விழுந்த மாப்பிள்ளை

அரைகுறையாகப் படித்தவனைப் பெண் பார்க்க அனுப்பக் கூடாது. அதிலும் அவன் படித்தது கொசுவைப் பற்றி என்றால் கூடவே கூடாது.

எண்பதுகளின் கடைசியில் ஓசூரில் மலேரியா ஒழிப்புப் பணியாளனாகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். பயிற்சியில் சொன்னது எளிதுதான். அனாஃபிலிஸ் மலேரியாவைப் பரப்பும், கியூலெக்ஸ் பரப்பாது. ஒன்றின் புழு தண்ணீரின் மேலே மட்டமாகப் படுத்திருக்கும், மற்றதன் புழு தலைகீழாகத் தொங்கும். ஒன்று நல்ல தண்ணீரில் முட்டையிடும், மற்றது சாக்கடையில். எது எது என்பதில்தான் எனக்குக் குழப்பம். (பரீட்சையில் பக்கத்து ஆளின் கையெழுத்து சரியாகத் தெரியவில்லை.)

ஊத்தங்கரையிலிருந்து வந்த அம்மா, தொழிற்பேட்டையில் ஃபோர்மேனாக இருந்த ஒருவர் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க அழைத்துப் போனார். பெண்ணின் அப்பா கம்பளியைப் போர்த்திக்கொண்டு வாசலுக்கு வந்து, "கூத்கொள்ளி, கூத்கொள்ளி" என்றார். அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. (கன்னடத்தில் 'உட்காருங்கள்'. நாள் முழுக்கக் கன்னடக்காரர்களோடு வேலை செய்த பழக்கம் அவருக்கு. அம்மாவுக்குக் 'கொள்ளி' மட்டும்தான் கேட்டிருக்கிறது.)

"மலேரியாங்க. மாத்திரை சாப்புட்டுக்கிட்டு இருக்கறேன்" என்றார் அவர்.

எனக்குள் இருந்த நிபுணன் எழுந்துவிட்டான். நேராக வாசல் சாக்கடைக்குப் போய், ஒரு டம்ளரில் மொண்டு எல்லோருக்கும் காட்டினேன். புழுக்கள் தலைகீழாகத் தொங்கின.

"பாத்தீங்களா? இதுதான் மலேரியாப் புழு. சாக்கடைய மூடுங்க, காய்ச்சல் போயிடும்!"

"அது எங்க வீட்டு டம்ளரு" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். காபித் தட்டோடு சுமதி வந்தாள். "ஏங்க, மேல தொட்டியிலயும் புழு இருக்குது. ஆனா அது தொங்கல, படுத்துக்கிட்டு இருக்குது. ரெண்டும் ஒண்ணுதானா?"

ஒன்று என்றால் பொய், வேறு என்றால் எது மலேரியா என்று கேட்பாள். "நேர்ல பாத்தாதான் சொல்ல முடியும்" என்று சொல்லி மாடிக்கு ஓடினேன்.

"டேய், காபி ஆறுதுடா!" என்று அம்மா கத்தினார்.

தொட்டியின் மேல் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தகடு. ஓரமாக எட்டிப் பார்த்தேன், இருட்டாக இருந்தது. தகட்டின் மேல் ஏறிக் குனிந்தேன். அது என்னையும் சேர்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டது.

மார்பளவு தண்ணீர். மூக்குக்குக் கீழே, தெளிந்த தண்ணீரின் மேல், வரிசையாகப் படுத்திருந்தன புழுக்கள். அந்தக் குளிரில்தான் பாடம் முழுசாக ஞாபகம் வந்தது. நல்ல தண்ணீர், படுத்த புழு, அனாஃபிலிஸ்!

"படுத்திருக்கு! படுத்திருக்கு!" என்று அலறினேன்.

"ஐயோ, யாருடா படுத்தது?" என்று கீழே அம்மா அழத் தொடங்கினார்.

ஏணி வைத்து என்னை வெளியே எடுத்தார்கள். நான் விழுந்த தண்ணீரை இனி யார் குடிப்பது? அன்றே தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவினார்கள். ஒழிப்புப் பணியில் நான் உருப்படியாக ஒழித்த முதல் இடம் அதுதான், அதுவும் விழுந்து.

மாமனாரின் லுங்கியைக் கட்டிக்கொண்டு ஆறிய காபியைக் குடித்தேன். சம்பந்தம் போயே போச்சு என்று நினைத்தபோது, அவர் மகளைக் கேட்டார். "என்னம்மா சொல்ற?"

"தொட்டிக்கு நல்ல மூடியா போட்டுடுங்கப்பா. இவரு அடிக்கடி வருவாரு."

போன வருடம் எங்கள் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையன் இஞ்சினியர், நல்ல சம்பளம். எல்லாவற்றையும் கேட்டு முடித்த மாமனார், என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அவர்களிடம் கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமாங்க?"