அம்மிக்கு வந்த இடுப்பு வலி

எந்தக் கல்லையும் அக்ரிலிக் வண்ணத்தில் அசலாகக் கொண்டுவந்து காட்டுகிறேன் என்று நான் சபதம் எடுத்த ஞாயிற்றுக்கிழமையே, எங்கள் வீட்டு அம்மி இரண்டாக உடைந்தது.

என் மனைவி கல்யாணசுந்தரி அவள் அக்காளோடு குற்றாலத்தில் குளிக்கப் போயிருந்தாள். நல்ல வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து வரையலாமே என்று, அடுக்களையில் கிடந்த அம்மியை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு எங்கள் மாடி வீட்டு வராந்தாவுக்கு வந்தேன். இடுப்பு வலி என்று சொல்லித் தண்ணீர்க் கேன்கூடத் தூக்காத ஆள் நான். அவள் வீட்டில் இல்லாதபோது அந்த வலி வருவதில்லை. நிலைப்படி தடுக்கியது. அம்மி விழுந்தது.

அது எங்கள் கல்யாணத்தில் அவள் காலைப் பிடித்து நான் வைத்த அம்மி. மாமனார் தன் ஊர் திருவேங்கடத்திலிருந்து கொடுத்துவிட்டது. உடைந்தது தெரிந்தால் நான் தென்காசியில் குடியிருக்க முடியாது.

துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்தேன். தெர்மாகோலை ஒட்டி, அம்மி வடிவில் அறுத்து, சுவருக்கு அடிக்கிற பட்டியைப் பூசினேன். மேலே சாம்பல் நிறம். அது காய்ந்ததும் ஸ்பாஞ்சால் கறுப்பையும் வெள்ளையையும் ஒற்றினேன். பழைய பல் பிரஷ்ஷை விரலால் சுண்டிப் பொடிப் புள்ளிகள் தெறிக்கவிட்டேன். நீர்த்த கறுப்பைப் பள்ளங்களில் ஓடவிட்டேன். நடுவில் மஞ்சள் அரைத்த கறையைக்கூட விடவில்லை. அந்தக் கறையில் ஓர் ஈ வந்து உட்கார்ந்து, ஏமாந்து போனது.

சாயங்காலம் ஈரத்தலையோடு வந்தவள் நேரே அடுக்களைக்குப் போனாள்.

"அம்மியைக் கழுவுனீங்களா? பளிச்சுன்னு இருக்கு."

"சும்மாதான இருந்தேன்."

"தொவையல் அரைக்கணும்."

அம்மிக்குக் குறுக்கே போய் நின்றேன்.

"குளிச்ச அசதில எதுக்கு சுந்தரி? மிக்சில அரையேன்."

"அதுவும் சரிதான். கீழ் வீட்டு ஜெயசித்ரா மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணம்லா. மிதிக்கதுக்கு நம்ம அம்மியைத் தாரேன்னு சொல்லிட்டேன். அவ வீட்டுக்காரரு இப்பத் தூக்க வருவாரு."

மணமேடையில் அந்தப் பெண் கால் வைக்கிறது, தெர்மாகோல் உதிர்கிறது, சபையே என்னைப் பார்க்கிறது. எல்லாம் கண்முன்னால் ஓடியது. அதற்கு முன்னால், தூக்க வருகிறவர் கையில் எடுத்ததுமே குட்டு உடைந்துவிடும்.

"அவரு எதுக்கு? நானே கொண்டு போறேன்."

"உங்க இடுப்பு?"

"நல்ல காரியம்லா, தாங்கும்."

படி இறங்கியதும் தெருவுக்கு நழுவி, ஒரு நிஜ அம்மி வாங்கி மாற்றிவிடுவது திட்டம். குனிந்து, முக்கி, முனகி, பல்லைக் கடித்துத் தூக்கினேன். படியில் இறங்கினேன். அவள் எனக்குப் பின்னாலேயே இறங்கினாள்.

"பைய. காலைப் பாத்து வைங்க."

கீழே ஜெயசித்ரா அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். என் விரல்கள் அழுந்தித் தெர்மாகோல் லேசாகக் கிறீச்சிட்டது. சத்தமாக இருமினேன். வியர்வை கண்ணில் இறங்கியது. பாதிப் படியில் வேட்டி அவிழ்ந்தது.

யோசிக்க நேரமில்லை. அம்மியை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேட்டியைக் கட்டினேன்.

யாரும் சிரிக்கவில்லை.

"இடுப்பு வலி போயிட்டாக்கும்?" என்றாள் சுந்தரி.

தெர்மாகோல் என்று ஒப்புக்கொண்டால் அம்மி உடைந்தது தெரிந்துவிடும். கல் என்று சாதித்தால் இடுப்பு வலியை இனிமேல் சொல்லவே முடியாது. உயிர்தான் முக்கியம் என்று முடிவு செய்தேன்.

"சுத்தமா போயிட்டு" என்றேன்.

ஜெயசித்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். "எங்களுக்கு மண்டபத்துலயே அம்மி கிடக்கு அண்ணாச்சி. காலைல விழுந்த சத்தத்துல எங்க ஃபேனே ஆடிச்சு. என்னமோ ஏதோன்னு ஏறி வந்து பாத்தேன். நீங்க ரெண்டு துண்டையும் மாத்தி மாத்தித் தடவிக்கிட்டு இருந்தீங்க. அப்பவே சுந்தரி அக்காவுக்குப் போன் போட்டுட்டேன்."

சுந்தரி என்னைத் தாண்டி இறங்கித் தெரு வாசல் கதவைத் திறந்தாள். வெளியே நடையில் ஒரு புது அம்மி கிடந்தது. அசல் கருங்கல்.

"வர்ற வழியில வாங்குனேன். வண்டிக்காரரு மேல ஏத்தித் தாரேன்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரரு ஒத்தையாத் தூக்கிருவாருன்னு நாந்தான் அனுப்பிட்டேன். மேல வச்சிட்டு வாங்க, தண்ணிக் கேனும் வந்திருக்கு."