தங்கத் தகப்பன்

தகப்பன்மாரில் பல இனம் உண்டு. பிள்ளை அழுத உடனே செருப்பை மாட்டிக்கொண்டு காப்பிக் கடைக்குக் கிளம்புகிறவர் பழைய இனம். அவரைத் திட்ட வேண்டியதையெல்லாம் அவர் மனைவியே திட்டித் தீர்த்துவிட்டாள். நாம் பார்க்கப்போவது புது இனம். தாய்ப்பால் விஷயத்தில் மனைவிக்குத் தோள் கொடுப்பதற்காகக் கைப்பேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொண்டு களத்தில் குதித்தவர்.

எகிப்தின் தந்தா நகரத்து மின்சார அலுவலகத்தில் வேலை பார்க்கும் இஹாப் அப்பேர்ப்பட்டவர். பிள்ளை பிறந்து ஏழே நாள். அதற்குள் அது எந்தப் பக்கம் எத்தனை நிமிஷம் குடித்தது, எத்தனை துணியை நனைத்தது, எத்தனை கொட்டாவி விட்டது என்று சகலமும் பதிவாகியிருந்தது. பதிவுக்கு ஒரு நட்சத்திரம். முந்நூறு சேர்ந்தால் 'தங்கத் தகப்பன்' பட்டம். பெற்றவளுக்கு என்ன கிடைத்தது என்கிறீர்களா? அறிவுரை கிடைத்தது.

அவர் மனைவி நெர்மினுக்கோ வேறு கவலை. பிள்ளை சரியாக வாய் பிடிக்கவில்லை, எடையும் ஏறவில்லை. "நாளைக்கும் ஏறலேன்னா டப்பாப் பால்தான்டி" என்று அவள் அக்கா ராந்தா டப்பாவை வாங்கி அலமாரியிலேயே வைத்துவிட்டாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் நெர்மினுக்கு அழுகை வந்தது.

ஏழாம் நாள் விழாவுக்கு வீடு கொள்ளாத கூட்டம். பால் ஊறட்டும் என்று நெய்யும் பருப்பும் போட்டு ராந்தா ஒரு பானை முகாத் என்ற வேர்ப் பானம் காய்ச்சியிருந்தாள். இஹாப் அதை வந்தவர்களுக்கெல்லாம் ஊற்றி ஊற்றிக் கொடுத்தார். நெர்மினின் முறை வந்தபோது பானை காலி. செயலியில் 'மனைவிக்கு ஊட்டமான பானம்' என்ற கட்டத்தில் மட்டும் அவர் மறக்காமல் டிக் போட்டார்.

அந்த நேரம் பார்த்து, உள்ளறையில் பிள்ளை ஒருவழியாக நன்றாக வாய் பிடித்துக் குடிக்க ஆரம்பித்தது. நெர்மின் அசையாமல் இருந்தாள்.

"இஹாப், தொண்டை வறளுது. கொஞ்சம் தண்ணி கொண்டா."

"இதோ வந்துட்டேன் கண்ணு."

தண்ணீரோடு கிளம்பினார். பாதி வழியில், செயலியில் தண்ணீரைப் பற்றி இருந்த பாடம் ஞாபகம் வந்துவிட்டது. நடுக்கூடத்தில் நின்று, பாலூட்டும் தாய்க்கு ஏன் தாகம் எடுக்கிறது, எவ்வளவு குடிக்க வேண்டும், தகப்பனின் கடமை என்ன என்று கூட்டத்துக்கு உரக்க வாசித்தார். வாசித்ததில் அவருக்கே தொண்டை வறண்டது. கையிலிருந்ததை மடமடவென்று குடித்தார். டிக் போட்டார். முந்நூறு.

கைப்பேசி எக்காளம் ஊதியது. பிள்ளை திடுக்கிட்டு வாயை எடுத்துவிட்டு வீல் என்று அலறியது.

பக்கத்து வீட்டு உம்மு ஹானி, ஏழாம் நாள் சடங்குப்படி பிள்ளையைக் கிடத்திப் புத்தி சொல்வதற்காகச் சல்லடையோடு காத்திருந்தவள். எழுந்து கைப்பேசியைப் பிடுங்கிச் சல்லடையில் கிடத்தினாள். பித்தளை உரலை அதன் பக்கத்தில் வைத்து டங்டங்கென்று இடித்தபடி, வழக்கமாகப் பிள்ளைக்குச் சொல்வதை அதற்குச் சொன்னாள்:

"அம்மா பேச்சக் கேளு. அப்பன் பேச்சக் கேக்காத."

வீடே சிரித்தது. வெறுங்கையோடு என்ன செய்வதென்று தெரியாத இஹாப், வேறு வழியில்லாமல் தண்ணீர் கொண்டுபோனார். தம்ளரை நெர்மினின் வாயருகே பிடித்தார். அவள் ஒரே மூச்சில் குடித்துவிட்டுப் பிள்ளையை மறுபடி அணைத்தாள். அது விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அவருக்கு அன்றைக்குத்தான் தகப்பன் ஆனது போலிருந்தது. பதிவு செய்யக் கை பரபரத்தது. கைப்பேசி இன்னும் சல்லடையில் இருந்தது.

நீங்கள் அந்த இனமில்லை, தெரியும். இதைச் சிரித்துக்கொண்டே நாலு பேருக்கு அனுப்பத்தான் போகிறீர்கள். அனுப்புங்கள். உள்ளேயிருந்து ஒருத்தி உங்களைக் கூப்பிட்டு எவ்வளவு நேரமாகிறது?